15 த்ரீ பாயிண்டர் போட்ட அணி ஏன் தோற்றது? பாக்ஸ் ஸ்கோரைப் படிக்கும் வழி

கூடைப்பந்து ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் ஒரு தாள் வெளிவரும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் இருபது எண்கள், அடியில் அணியின் மொத்தம். இதற்குப் பெயர் பாக்ஸ் ஸ்கோர். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்திய நேரப்படி விடியற்காலையில் நடப்பதால், இங்கே பலர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. இந்தத் தாளைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "இவ்வளவு நன்றாக ஆடியவன் அணி எப்படித் தோற்றது?" என்று குழம்புகிறார்கள்.

அந்தக் குழப்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 2016 ஜூன் 19 அன்று ஓக்லாந்தின் ஆரக்கிள் அரங்கில் நடந்த ஆட்டம். என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். கிளீவ்லாந்து கவாலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89. தொடரில் 3–1 எனப் பின்தங்கியிருந்த அணி கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. தோற்றது அந்தப் பருவத்தில் 73 வெற்றி, 9 தோல்வி என்று சாதனை படைத்திருந்த அணி.

அன்றைய தாளில் இரண்டு செய்திகள் கண்ணை உறுத்தும். வாரியர்ஸ் 15 த்ரீ பாயிண்டர் போட்டது, கவாலியர்ஸ் ஆறே ஆறு. வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் எடுத்தார். இரண்டையும் தாண்டி கவாலியர்ஸ் வென்றது. இது எப்படி நடந்தது என்பதற்கான விடை முழுவதும் அதே தாளில் இருக்கிறது. ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் கட்டத்தில் இல்லை.

தாளில் உள்ள கட்டங்கள்

1. ஃபீல்டு கோல். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடையை நோக்கி எறியும் எல்லா ஷாட்டும் இதில் அடங்கும். "9-24" என்றிருந்தால் 24 முறை எறிந்து 9 விழுந்தது என்று பொருள். எறியும்போது எதிரணி ஃபவுல் செய்து, ஷாட்டும் விழாமல் போனால், அது முயற்சியாகவே எண்ணப்படாது. இந்தச் சின்ன விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2. த்ரீ பாயிண்டர். என்பிஏ ஆடுகளத்தில் கூடையிலிருந்து 7.24 மீட்டரில் (மூலைகளில் சுமார் 6.7 மீட்டரில்) வளைந்து ஓடும் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 3 புள்ளி. பலர் தவறுவது இங்கேதான்: இந்த எண் ஃபீல்டு கோல் எண்ணுக்கு உள்ளேயே அடங்கியது, தனியாகக் கூட்டக்கூடாது. ஆகவே ஒருவரின் மொத்தப் புள்ளி = (ஃபீல்டு கோல் × 2) + த்ரீ பாயிண்டர் + ஃப்ரீ த்ரோ. கவாலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் அன்று 9 ஃபீல்டு கோல், அதில் 1 த்ரீ பாயிண்டர், 8 ஃப்ரீ த்ரோ: 18 + 1 + 8 = 27.

3. ஃப்ரீ த்ரோ. ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும், யாரும் குறுக்கே வராத எறிதல். ஒன்றுக்கு 1 புள்ளி. கிரிக்கெட் ஸ்கோர்கார்டில் "எக்ஸ்ட்ராஸ்" வரியை நாம் எப்படித் தாண்டிப் போகிறோமோ, அப்படித்தான் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தையும் தாண்டிப் போகிறார்கள்.

4. ரீபவுண்ட். விழாத பந்தைக் கைப்பற்றுவது. தன் அணி தவறவிட்டதை எடுத்தால் தாக்குதல் ரீபவுண்ட், எதிரணி தவறவிட்டதை எடுத்தால் தற்காப்பு ரீபவுண்ட். முதலாவது அரிது, மதிப்பு அதிகம். முடிந்துபோயிருக்க வேண்டிய வாய்ப்பை அது நீட்டிக்கிறது.

5. அசிஸ்ட். நேரடியாகக் கூடையில் முடியும் பாஸ்.

6. ஸ்டீல் என்பது எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது. பிளாக் என்பது எறிந்த பந்தைத் தடுப்பது. டர்ன்ஓவர் என்பது ஷாட் எடுக்காமலேயே பந்தை இழப்பது.

7. பிளஸ்-மைனஸ். ஒரு வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவர் அணி எத்தனை புள்ளி கூடுதலாக அல்லது குறைவாக எடுத்தது என்ற எண். இதைப் பற்றிக் கடைசியில்.

முதலில் அடி வரி, பிறகு பெயர்கள்

கண் தானாகவே பெயர்களுக்குத்தான் போகும். ஆனால் ஆட்டத்தின் கதை தாளின் அடியில், அணி மொத்தத்தில் இருக்கிறது. அன்றைய அடி வரிகள் இவை:

கவாலியர்ஸ்: ஃபீல்டு கோல் 33-82, த்ரீ பாயிண்டர் 6-25, ஃப்ரீ த்ரோ 21-25, ரீபவுண்ட் 48, மொத்தம் 93.

வாரியர்ஸ்: ஃபீல்டு கோல் 32-83, த்ரீ பாயிண்டர் 15-41, ஃப்ரீ த்ரோ 10-13, ரீபவுண்ட் 39, மொத்தம் 89.

முதலில் ஷாட் எண்ணிக்கையைப் பாருங்கள்: 82, 83. விழுந்தது 33, 32. இரண்டு அணியும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் எறிந்து, ஒரே எண்ணிக்கையில் கூடை போட்டிருக்கின்றன. அப்படியானால் வித்தியாசம் இரண்டே இடங்களில்தான் வந்திருக்க முடியும்: கூடைகளில் எத்தனை மூன்று புள்ளிக் கூடைகள், ஃப்ரீ த்ரோ எத்தனை.

கணக்குப் போட்டால்:

ஃபீல்டு கோல் வழியே கவாலியர்ஸ் எடுத்தது 72 புள்ளி, வாரியர்ஸ் 79. ஓடும் ஆட்டத்தில் வாரியர்ஸ் 7 புள்ளி முன்னே.

ஃப்ரீ த்ரோ வழியே கவாலியர்ஸ் 21, வாரியர்ஸ் 10. இங்கே கவாலியர்ஸ் 11 புள்ளி முன்னே.

11-லிருந்து 7 போனால் 4. அதுதான் வெற்றி இடைவெளி.

ஃப்ரீ த்ரோ என்ற ஒன்றே இல்லையென்று வைத்துக்கொண்டால் அன்று வாரியர்ஸ் சாம்பியன். அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றுவரை பேசப்படுவது இரண்டு காட்சிகள்: ஆட்டம் முடிய 1 நிமிடம் 50 நொடி இருக்கையில் பின்னாலிருந்து ஓடிவந்து வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவடாலாவின் லே-அப்பை, அதாவது கூடைக்கு மிக அருகிலிருந்து போடும் ஷாட்டை, பலகையோடு சேர்த்து அறைந்த லெப்ரானின் பிளாக், 53 நொடி இருக்கையில் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரியின் தலைக்கு மேல் கவாலியர்ஸின் கைரி இர்விங் போட்ட த்ரீ பாயிண்டர். இரண்டும் மறக்க முடியாதவைதான். ஆனால் அந்தக் காட்சிகள் வருவதற்கு ஆட்டம் 89–89 என்று சமநிலையில் நிற்க வேண்டும். அதை அங்கே நிறுத்தி வைத்தது, யாரும் மறுஒளிபரப்புப் போட்டுப் பார்க்காத அந்த ஃப்ரீ த்ரோக்கள்.

கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வில் முன்னோடியான டீன் ஆலிவர், ஒரு அணி வெல்வதைத் தீர்மானிக்கும் காரணிகள் நான்கு என்றார்: ஷாட் திறன், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. அவர் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 சதவீதம். ஃப்ரீ த்ரோவுக்குத்தான் கடைசி இடம். பல நூறு ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். ஒற்றை ஆட்டத்தில் கடைசி ஆள் முதல் ஆளாகிவிடுவான், அன்று ஆனான்.

சதவீதம் எங்கே ஏமாற்றும்

தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டுவது ஃபீல்டு கோல் சதவீதம். அன்று கவாலியர்ஸ் 40.2, வாரியர்ஸ் 38.6. இதை மட்டும் பார்த்தால் "நன்றாக எறிந்த அணி வென்றது" என்று தோன்றும். தவறான முடிவு. இரண்டு புள்ளிக் கூடையையும் மூன்று புள்ளிக் கூடையையும் இந்தச் சதவீதம் ஒரே தட்டில் வைக்கிறது. பத்து ரூபாய் நோட்டையும் நூறு ரூபாய் நோட்டையும் "இரண்டு நோட்டு" என்று எண்ணுவதுபோல.

இதைச் சரிசெய்ய இரண்டு அளவுகள் உண்டு.

முதலாவது, பயன்தரு ஃபீல்டு கோல் சதவீதம். ஒவ்வொரு த்ரீ பாயிண்டரையும் ஒன்றரைக் கூடையாக எண்ணுவது. அதாவது (ஃபீல்டு கோல் + த்ரீ பாயிண்டரில் பாதி) ÷ முயற்சி. கவாலியர்ஸுக்கு (33 + 3) ÷ 82 = 43.9 சதவீதம். வாரியர்ஸுக்கு (32 + 7.5) ÷ 83 = 47.6 சதவீதம். படம் அப்படியே தலைகீழாகிறது: நன்றாக எறிந்தது தோற்ற அணி.

இரண்டாவது, மெய் ஷாட் சதவீதம். இது ஃப்ரீ த்ரோவையும் உள்ளே கொண்டுவருகிறது. மொத்தப் புள்ளியை 2 × (ஃபீல்டு கோல் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி) என்பதால் வகுக்க வேண்டும். அது என்ன 0.44 என்று கேட்கலாம். ஃப்ரீ த்ரோ வழக்கமாக இரண்டு இரண்டாகக் கிடைக்கும், எனவே ஒரு ஃப்ரீ த்ரோ அரை வாய்ப்பு, 0.5. ஆனால் சில சமயம் கூடையும் விழுந்து, ஃபவுலுக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும். டெக்னிகல் ஃபவுலுக்கு (பெரும்பாலும் நடத்தை மீறலுக்குத் தரப்படுவது) ஒன்று மட்டும் கிடைக்கும். மூன்று புள்ளி முயற்சியில் ஃபவுல் என்றால் மூன்று கிடைக்கும். இவையெல்லாம் கலந்த சராசரிதான் 0.44. ஒற்றை ஆட்டத்துக்கு இது தோராயமே.

அன்றைய கணக்கு: கவாலியர்ஸுக்கு 82 + 11 = 93 வாய்ப்பு, எடுத்த புள்ளியும் 93. வாரியர்ஸுக்கு 83 + 5.7 = 88.7 வாய்ப்பு, எடுத்த புள்ளி 89. இரண்டு அணிக்கும் வாய்ப்புக்கு ஒரு புள்ளி. சதவீதத்தில் சொன்னால் 50.0, 50.2. யாரோ தராசில் வைத்து நிறுத்தியதுபோல் இருக்கிறது.

திறனில் இரு அணியும் சமம் என்றால் கவாலியர்ஸ் வென்றது எதனால்? அதற்கு நாலைந்து வாய்ப்பு கூடுதலாகக் கிடைத்ததால். அந்தக் கூடுதல் வாய்ப்பு ஷாட் எண்ணிக்கையில் தெரியாது (அங்கே ஒன்று குறைவுதான்). ஃப்ரீ த்ரோ கோட்டில் தெரியும். ஃபவுலில் முடிந்த ஷாட் முயற்சிக் கணக்கில் ஏறாது என்ற விதி இங்கேதான் வேலை செய்கிறது. கூடைக்கு நெருக்கமாகப் போய் அடி வாங்கிக்கொண்டு வந்த வீரர்களின் உழைப்பு "82" என்ற எண்ணுக்குள் முழுதாக இல்லை.

அந்தத் தொடரே இப்படி இழுபறியாகத்தான் நடந்தது. முதல் ஆறு ஆட்டங்களில் இரு அணியும் எடுத்த மொத்தப் புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். வாரியர்ஸ்: 104, 110, 90, 108, 97, 101. கவாலியர்ஸ்: 89, 77, 120, 97, 112, 115. இரண்டும் சரியாக 610. ஏழாவது ஆட்டம் 89–89 என்று நின்ற நேரத்தில், ஏழு ஆட்டத்துக்கும் சேர்த்து 699–699. ஆனால் அந்த ஆறில் ஒன்றுகூட பத்துப் புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தில் முடியவில்லை. மொத்தமும் சராசரியும் எதை மூடி மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கிரீனின் 32, கரியின் 17

இப்போது பெயர்களுக்கு வரலாம்.

கிரீன் அன்று 15 முறை எறிந்து 11 போட்டார். த்ரீ பாயிண்டர் 8-ல் 6. ஃப்ரீ த்ரோ 4-க்கு 4. மெய் ஷாட் சதவீதம் 95-ஐத் தாண்டுகிறது. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இப்படி ஆடுவது மிக மிக அரிது. இன்னொரு அசிஸ்ட் சேர்ந்திருந்தால் டிரிபிள்-டபுள், அதாவது மூன்று வகையில் இரட்டை இலக்கம்.

அணியின் மற்ற இரண்டு முக்கியக் கைகள் வேறு கதை சொல்கின்றன. கரி: 6-19, த்ரீ பாயிண்டர் 4-14, ஃப்ரீ த்ரோ 1-1, 17 புள்ளி. கிளே தாம்சன்: 6-17, த்ரீ பாயிண்டர் 2-10, ஃப்ரீ த்ரோ ஒன்றுகூட இல்லை, 14 புள்ளி. இருவரையும் சேர்த்தால் 36 ஷாட்டில் 31 புள்ளி, ஃப்ரீ த்ரோ முயற்சி ஒன்றே ஒன்று. மெய் ஷாட் சதவீதம் 42.5. அந்தப் பருவத்தில் கரி போட்ட த்ரீ பாயிண்டர்கள் 402. அதற்கு முன் யாரும் 300-ஐக்கூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர் அன்று 10 த்ரீ பாயிண்டரைத் தவறவிட்டார்.

ஆகவே "15 த்ரீ பாயிண்டர்" என்ற அணி எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 6, வழக்கமாக அந்த வேலையைச் செய்யாத கிரீன் போட்டது. வழக்கமாகச் செய்கிற இருவரும் சேர்ந்து 24-ல் 6.

எதிர்ப்பக்கம் லெப்ரானின் வரியைத் தனியாகப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும்: 9-24, த்ரீ பாயிண்டர் 1-5, 5 டர்ன்ஓவர். மெய் ஷாட் சதவீதம் 47.5, அணி சராசரிக்கும் கீழே. இர்விங் 10-23, 26 புள்ளி, 52.5 சதவீதம். கூடை போடும் திறனை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால் அன்று லெப்ரானுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

ஆனால் அவர் வரியின் மற்றக் கட்டங்களைப் பாருங்கள். 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட், 3 பிளாக், 2 ஸ்டீல். களத்தில் இருந்தது 48-ல் ஏறக்குறைய 47 நிமிடம். கவாலியர்ஸ் அணி முழுவதும் எடுத்த அசிஸ்ட் 17. அதில் 11 இவருடையது. கரியும் தாம்சனும் சேர்ந்து ஒரு ஃப்ரீ த்ரோ எடுத்த இடத்தில் இவர் ஒருவரே 10 எடுத்து 8 போட்டார். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டிரிபிள்-டபுள் எடுத்த மூன்றாவது வீரர் இவர். முந்தையவர்கள் 1969-ல் ஜெர்ரி வெஸ்ட், 1988-ல் ஜேம்ஸ் வொர்த்தி. (வெஸ்ட் 42 புள்ளி எடுத்தும் அணி தோற்றது, தோற்ற அணியிலிருந்து இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது பெற்றவர் அவர் ஒருவரே. கிரீனுக்கு முன்பே அந்தப் பாதையில் நடந்தவர்.) தொடர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் என்ற ஐந்து வகையிலும் இரு அணி வீரர்களிலும் முதலிடம் லெப்ரானுக்குத்தான்.

பழைய தாள்களில் வெற்றுக் கட்டங்கள்

இன்று நாம் பார்க்கும் கட்டங்கள் எல்லாம் ஆதியிலிருந்தே இருந்தவை அல்ல. என்பிஏவில் ஸ்டீலும் பிளாக்கும் அதிகாரபூர்வமாக எண்ணப்படத் தொடங்கியது 1973–74 பருவத்தில். ரீபவுண்டைத் தாக்குதல், தற்காப்பு என்று பிரித்ததும் அப்போதுதான். டர்ன்ஓவர் 1977–78-ல் வந்தது. த்ரீ பாயிண்டர் கோடு 1979–80-ல் வரையப்பட்டது.

இதன் விளைவு என்னவென்றால், பழைய சாதனைகளைப் புதிய சாதனைகளோடு ஒப்பிடும்போது பாதித் தாள் காலியாகவே இருக்கும். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் வில்ட் சேம்பர்லின் 100 புள்ளி எடுத்தார். அன்றைய பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. வந்திருந்த பார்வையாளர்கள் 4,124 பேர். ஆட்டத்தின் காணொளி கிடையாது. "100" என்று எழுதிய காகிதத்தைச் சேம்பர்லின் பிடித்திருக்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவர் அணியின் புள்ளிவிவரக்காரர் ஹார்வி பொலாக்.

சேம்பர்லினின் வரி: ஃபீல்டு கோல் 36-63, ஃப்ரீ த்ரோ 28-32, ரீபவுண்ட் 25, அசிஸ்ட் 2. எத்தனை பிளாக், எத்தனை டர்ன்ஓவர்? கட்டமே இல்லை. இதில் உண்மையான அதிசயம் 36 கூடையில் இல்லை, 28 ஃப்ரீ த்ரோவில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் அவர் ஃப்ரீ த்ரோ சதவீதம் 61-ஐ ஒட்டியது; அன்று ஒரு நாள் 87.5. வழக்கம்போல எறிந்திருந்தால் 92-ஐ ஒட்டி நின்றிருப்பார். இங்கேயும் அதே புறக்கணிக்கப்பட்ட கட்டம்தான்.

2006 ஜனவரி 22 அன்று கோபி பிரையன்ட் டொராண்டோ ராப்டர்ஸுக்கு எதிராக எடுத்த 81-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 28-46, த்ரீ பாயிண்டர் 7-13, ஃப்ரீ த்ரோ 18-20. மெய் ஷாட் சதவீதம் பிரையன்ட்டுக்கு 73.9, சேம்பர்லினுக்கு 64.9. சேம்பர்லின் 19 புள்ளி அதிகம் எடுத்தார், 17 ஷாட் அதிகம் எறிந்து. எது பெரியது என்ற வாதம் தேநீர்க் கடை பெஞ்சில் தீராது. ஆனால் 100 என்ற எண்ணையும் 81 என்ற எண்ணையும் மட்டும் வைத்து வாதிடுகிறவர், ஓவர் எண்ணிக்கையே கேட்காமல் ரன்னை ஒப்பிடுகிறவர்.

எண்ணுவதும் மனிதர்தான்

கூடை விழுந்ததா இல்லையா என்பதில் சந்தேகம் வராது. அசிஸ்ட் அப்படியில்லை. பாஸ் வாங்கியவர் இரண்டு முறை பந்தைத் தட்டி, ஒருவரைக் கடந்து, பிறகு எறிந்தால் அது அசிஸ்ட்டா? ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் முடிவு செய்கிறார். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளில், பாஸ் வாங்கியவர் எறியும்போது ஃபவுல் செய்யப்பட்டு, ஒரு ஃப்ரீ த்ரோவாவது போட்டால், பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டு. என்பிஏவில் கிடையாது. ஆகவே ஐரோப்பிய ஆட்டத்தின் அசிஸ்ட் எண்ணையும் என்பிஏ எண்ணையும் நேராக ஒப்பிடுவது வீண் வேலை.

எண்ணும் முறை ஆட்டத்தையே மாற்றியதும் உண்டு. கால்பகுதி முடியும் கடைசி நொடியில் பாதி மைதானத்திலிருந்து எறிவது எப்போதாவது விழும். விழுந்தால் அணிக்கு 3 புள்ளி, விழாவிட்டால் அணிக்கு நட்டமில்லை. ஆனால் வீரரின் சதவீதம் குறையும். அதனால் பலர் மணி அடித்த பிறகு எறிவதுபோல் ஒரு நொடி தாமதித்து நடித்தார்கள். 2025–26 பருவத்திலிருந்து என்பிஏ இதற்கு ஒரு வழி செய்தது: முதல் மூன்று கால்பகுதிகளின் கடைசி 3 நொடியில் 36 அடி அல்லது அதற்கும் அப்பாலிருந்து எறிந்து தவறினால் அது அணிக் கணக்கில் சேரும், வீரர் கணக்கில் சேராது. ஒரு கட்டத்தில் எழுதும் எண்ணை வேறு கட்டத்தில் எழுதியதால் வீரர்கள் துணிந்து எறியத் தொடங்கினார்கள்.

தாளில் இல்லாத கால வரிசை

பாக்ஸ் ஸ்கோரின் பெரிய குறை, அதற்கு நேரம் தெரியாது. முதல் நிமிடக் கூடையும் கடைசி நிமிடக் கூடையும் அதற்கு ஒன்றே.

கால்பகுதி வாரியாகப் பிரித்தால் கொஞ்சம் தெரியும். கவாலியர்ஸ் 23, 19, 33, 18. வாரியர்ஸ் 22, 27, 27, 13. அரைநேரத்தில் 49–42 என வாரியர்ஸ் முன்னே, மூன்றாம் கால்பகுதி முடிவில் 76–75. கடைசிக் கால்பகுதியில் அந்தப் பெரிய தாக்குதல் அணி எடுத்தது 13. அதிலும், 4 நிமிடம் 39 நொடி மீதமிருக்கையில் தாம்சன் போட்ட லே-அப்புக்குப் பிறகு ஒன்றுமே இல்லை, ஒரு ஃப்ரீ த்ரோகூட. கவாலியர்ஸும் இர்விங்கின் ஷாட் வரை மூன்றே முக்கால் நிமிடம் வெறுங்கையோடுதான் இருந்தது. அந்த நான்கரை நிமிடத்தில் இரு அணியும் சேர்ந்து எடுத்தது 4 புள்ளி: இர்விங்கின் 3, லெப்ரானின் ஃப்ரீ த்ரோ 1.

லெப்ரானின் அந்த பிளாக், தாளில் "3" என்ற எண்ணுக்குள் ஒரு பங்கு. இகுவடாலாவுக்கு ஒரு தவறிய ஷாட். அவ்வளவே.

+19 யாருக்கு?

கவாலியர்ஸின் கெவின் லவ் அன்று 3-9, 9 புள்ளி, 14 ரீபவுண்ட். தொடர் முழுக்கத் தடுமாறியவர். ஆனால் அவர் பெயருக்கு எதிரே இருந்த பிளஸ்-மைனஸ் +19. இரு அணியிலும் அதுவே அதிகம்.

இதன் பொருள்: லவ் களத்தில் இருந்த நேரத்தில் கவாலியர்ஸ் வாரியர்ஸைவிட 19 புள்ளி கூடுதலாக எடுத்தது. மொத்த வெற்றி 4 புள்ளிதான் என்பதால், அவர் வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் அணி 15 புள்ளி பின்னால் போயிருக்க வேண்டும்.

இந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்:

1. இது வீரரின் எண் அல்ல, அவர் உள்ளே இருந்தபோது அணியின் எண். கூட நின்ற நால்வரின் வேலையும் இதில் கலந்திருக்கிறது.

2. அவர் வெளியே போன நேரத்தில் எதிரணி யாரை இறக்கியது என்பது இதற்குத் தெரியாது.

3. ஒற்றை ஆட்டத்தில் தற்செயலின் பங்கு மிக அதிகம். நாலு த்ரீ பாயிண்டர் இப்படி விழாமல் அப்படி விழுந்தால் +19 என்பது +7 ஆகிவிடும்.

இவ்வளவும் சரி. இருந்தாலும் மற்ற எந்தக் கட்டமும் பிடிக்காத ஒன்றை இது சில சமயம் பிடிக்கும். இர்விங்கின் ஷாட்டுக்குப் பிறகு கவாலியர்ஸ் 92–89. வாரியர்ஸ் டைம்-அவுட் எடுக்காமல் நேராகப் பந்தைக் கொண்டுவந்தது. யார் யாரைக் காப்பது என்பது ஆட்டத்தின் ஓட்டத்தில் மாறியதில், அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் கரிக்கு எதிரே தனியாக நின்றவர் லவ். உயரமானவர், கால் வேகம் குறைவு, தற்காப்பில் பலவீனம் என்று தொடர் முழுக்க ஏசப்பட்டவர். கரி இடம் வலம் ஆட்டிப் பார்த்தார், பந்தை விட்டு மீண்டும் வாங்கினார், இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார். லவ் விலகவில்லை. கடைசியில் லவ்வின் கைக்கு மேல் கரி எறிந்த த்ரீ பாயிண்டர் விழவில்லை.

அது பிளாக் இல்லை, ஸ்டீல் இல்லை. லவ் பெயருக்கு எதிரே அந்த நொடிகளுக்காக எந்தக் கட்டத்திலும் எதுவும் ஏறவில்லை. கரியின் வரியில் தவறிய த்ரீ பாயிண்டர் ஒன்று கூடியது.